ஆய்வுச் சுருக்கங்களின் தரத்தைக் கணினியால் சோதிப்பது எப்படி

திருகோணமலையில் ஆண்டுக்கொரு முறை கூடும் ஒரு சிறிய மாணவர் ஆய்வரங்குக்கு வரும் ஆய்வுச் சுருக்கங்களை வாசித்துத் தெரிவுசெய்யும் பொறுப்பில் சில காலமாக இருக்கிறேன். தமிழிலும் ஆங்கிலத்திலும் வரும் சுருக்கங்களில் பெரும்பகுதி இறுதி நாளுக்கு முந்திய இரவில்தான் வந்து சேரும். வாசிக்க இருப்பவர்களோ நான்கைந்து பேர். இந்த நெருக்கடியைக் கணினியிடம் ஒப்படைத்துவிடலாம் என்று எண்ணி, முதலாவது ஆண்டில் ஒவ்வொரு சுருக்கத்துக்கும் நூற்றுக்கு இத்தனை என்று புள்ளியிடும் நிரலொன்றை எழுதினேன். அது முதலிடம் கொடுத்த சுருக்கத்தை எடுத்து வாசித்தபோது, பின்னணிக்கு ஆறு வாக்கியங்களும், "ஆராயப்படும்", "எதிர்பார்க்கப்படுகிறது" என்ற வாக்குறுதிகளுக்கு மூன்று வாக்கியங்களும் இருந்தனவே தவிர, ஆய்வில் என்ன தெரியவந்தது என்பதற்கு ஒரு சொல்கூட இருக்கவில்லை. நீளமும் அருஞ்சொற்களும் அதைத் தூக்கி நிறுத்தியிருந்தன.

அதன் பிறகு வழியை மாற்றிக்கொண்டேன். தரம் என்ற பெரிய சொல்லை, ஆம் அல்லது இல்லை என்று விடை சொல்லக்கூடிய சிறு கேள்விகளாக உடைத்த பின்னரே கணினியிடம் கொடுக்க வேண்டும். புள்ளி கடைசியில் வரலாம், வராமலும் விடலாம். இந்த வழிகாட்டி அந்த ஒழுங்கிலேயே செல்கிறது.

கேள்விகளை முதலில் எழுதுங்கள்

மருத்துவத் துறையினர் இந்த வேலையை நமக்கு முன்னரே செய்திருக்கிறார்கள். நோக்கம், முறை, முடிவு, முடிவுரை என்று தலைப்பிட்டு எழுதும் கட்டமைந்த சுருக்கம் 1987 இல் முன்மொழியப்பட்டது. எழுமாற்றுச் சோதனைகளின் சுருக்கங்களில் என்னென்ன இருக்க வேண்டும் என்பதற்கு 2008 இல் கொன்சோர்ட் பட்டியலும், முறைசார் மீளாய்வுகளின் சுருக்கங்களுக்காக 2013 இல் 12 அம்சங்கள் கொண்ட பிரிஸ்மா பட்டியலும் வெளிவந்தன. நம்மிடம் வருபவற்றில் பெரும்பாலானவை வினாக்கொத்தும் நேர்காணலும் கொண்ட சமூகவியல், வணிகவியல் ஆய்வுகள் என்பதால் அந்தப் பட்டியல்களை அப்படியே எடுத்தாள முடியாது. ஆனால் ஒவ்வோர் அம்சமும் தனித்தனியே சரிபார்க்கத்தக்கதாக இருக்க வேண்டும் என்ற அவற்றின் ஒழுங்கைக் கடன் வாங்கலாம்.

நான் பயன்படுத்தும் கேள்விகள் ஒன்பது. ஆய்வுப் பிரச்சினை ஒரு வாக்கியத்திலாவது சொல்லப்பட்டுள்ளதா, ஆய்வுப் பிரதேசம் பெயரிடப்பட்டுள்ளதா, தரவு திரட்டிய காலம் உண்டா, யாரிடம் திரட்டப்பட்டது, எத்தனை பேரிடம், அவர்கள் எவ்வாறு தெரிவு செய்யப்பட்டார்கள், எந்தப் பகுப்பாய்வு, திட்டவட்டமான முடிவு ஒன்றாவது உண்டா, இறுதியில் வரும் பரிந்துரை அந்த முடிவிலிருந்து எழுகிறதா. இவற்றுள் எட்டாவது கேள்விதான் மற்ற எல்லாவற்றையும்விடக் கூடுதலான சுருக்கங்களை வீழ்த்துகிறது. விளக்கத்துக்காக நானே எழுதிய இரண்டு வாக்கியங்களைப் பாருங்கள்.

"கொட்டியாரக் குடாவில் கரைவலை மீன்பிடியில் ஈடுபடும் குடும்பங்களின் வருமானம் பல்வேறு காரணிகளால் பாதிக்கப்பட்டுள்ளமை இவ்வாய்வின் மூலம் கண்டறியப்பட்டது."

"மூதூர் பிரதேச செயலாளர் பிரிவில் நேர்காணப்பட்ட 64 கரைவலைக் குடும்பங்களில் 48 குடும்பங்கள், அதாவது 75 வீதமானவை, வாடைக்காற்றுக் காலத்தில் மீன்பிடியால் வருமானம் எதையும் பெறவில்லை."

முதலாவது வாக்கியத்தில் "கண்டறியப்பட்டது" என்ற வினை இருக்கிறது, கண்டறிந்த பொருள் இல்லை. "பல்வேறு காரணிகள்" என்ற தொடர், ஆய்வு தொடங்குவதற்கு முன்னரே எவரும் எழுதிவிடக்கூடியது. வினைச்சொல்லை மட்டும் தேடும் நிரல் இரண்டையும் முடிவு என்றே எண்ணும். கேள்வியை "எண்ணோ, கூடியது குறைந்தது என்ற திசையோ, பெயரிட்ட காரணியோ உள்ளதா" என்று எழுதினால்தான் இவற்றுக்கிடையிலான வேறுபாடு அதற்குத் தெரியும்.

இரண்டு பேர் உடன்படுகிறார்களா என்று பாருங்கள்

நிரல் எழுதுவதற்கு முன் பழைய சுருக்கங்களில் ஐம்பதை எடுத்து, நீங்களும் இன்னொருவரும் ஒருவருக்கொருவர் காட்டாமல் ஒன்பது கேள்விகளுக்கும் விடையிட வேண்டும். பலர் தாண்டிச் செல்லும் படி இதுதான். என்னைக் கேட்டால் முழு வேலையிலும் இதற்குத்தான் அதிக நேரம் செலவிட வேண்டும். இரண்டு மனிதர்களே உடன்படாத கேள்விக்குக் கணினி சரியான விடை தந்தது என்று சொல்வதற்கு எந்த அளவுகோலும் இல்லை.

உடன்பாட்டை வெறும் வீதத்தால் அளந்தால் ஏமாந்துபோவோம். எட்டாவது கேள்விக்கு இருவரும் ஆம் என்றவை 20, இருவரும் இல்லை என்றவை 15, நீங்கள் மட்டும் ஆம் என்றவை 10, மற்றவர் மட்டும் ஆம் என்றவை 5 என்று வைத்துக்கொள்வோம். 50 இல் 35 ஒத்துப்போவதால் உடன்பாடு 0.70 என்று மனம் நிறைவடையும். ஆனால் நீங்கள் மொத்தம் 30 தடவையும் அவர் 25 தடவையும் ஆம் சொல்லியிருப்பதால், கண்ணை மூடிக்கொண்டு விடையிட்டிருந்தாலும் 0.6 × 0.5 உடன் 0.4 × 0.5 சேர்ந்து 0.50 அளவுக்கு ஒத்துப்போயிருக்கும். தற்செயலை நீக்கினால் மிஞ்சுவது, 0.70 இலிருந்து 0.50 ஐக் கழித்து வரும் 0.20 ஐ, எட்டக்கூடியதாக எஞ்சியிருந்த 0.50 ஆல் வகுத்துக் கிடைக்கும் 0.40 மட்டுமே. இது 1960 இல் கோஹென் அறிமுகப்படுத்திய கப்பா அளவு. 1977 இல் லாண்டிஸும் கொக்கும் தந்த, இன்றும் பலர் எடுத்தாளும் வகுப்பில் 0.61 இற்கு மேற்பட்டதே கணிசமான உடன்பாடு, 0.40 என்பது சுமார் என்ற படியில் நிற்கிறது.

கப்பா தாழ்ந்திருந்தால் வாசித்தவரில் பிழை தேடாமல் கேள்வியில் தேடுங்கள். முதற்சுற்று முடிந்து முரண்பட்டவற்றை இருவருமாகப் பார்த்துக்கொண்டிருந்தபோது என்னுடன் வாசித்த இளைய விரிவுரையாளர், "அண்ணா, 'மாதிரி' எண்ட சொல் இருக்குத்தான், ஆனா எத்தனை பேர் எண்டு இல்லையே, இதுக்கு ஆம் போடுறதா இல்லை போடுறதா?" என்று கேட்டார். அதுவரை மாதிரி பற்றி ஒரே கேள்விதான் இருந்தது. அதை எத்தனை பேர், எவ்வாறு தெரிவு என்று இரண்டாகப் பிரித்த பிறகு அந்த இடத்தில் எங்களுக்குள் வழக்கே எழவில்லை.

எழுத்தைச் சுத்தம் செய்யுங்கள்

இலங்கையில் தமிழ்ச் சுருக்கங்களைக் கையாளும் எவரும் முதலில் முட்டிக்கொள்வது பாமினியில்தான். பாமினி எழுத்துருவில் தட்டச்சு செய்த கோப்பு திரையில் அழகான தமிழாகத் தெரிந்தாலும், உள்ளே இருப்பவை ஆங்கில விசைகளின் எழுத்துகள். அந்த ஒழுங்கில் மெய்யெழுத்தின் புள்ளி ஓர் அரைப்புள்ளியாகவும், "இ" ஒரு காற்புள்ளியாகவும் சேமிக்கப்படுகின்றன. ஆகவே "இலங்கை" என்ற சொல் காற்புள்ளியில் தொடங்கி நடுவில் ஓர் அரைப்புள்ளியையும் கொண்டிருக்கும். சொற்களை எண்ணும் நிரல் அதைத் துண்டு துண்டாக நறுக்கிவிடும். சொல்லின் நடுவே அரைப்புள்ளிகள் மிகுந்திருந்தால் பாமினி என்று கொண்டு, ஒவ்வோர் எழுத்துக்கும் உலகப் பொதுவான குறியெண் தரும் யூனிக்கோடுக்கு மாற்றிய பின்னரே மற்றச் சோதனைகளுக்கு அனுப்புங்கள். ஒரே கோப்பில் பாதி பாமினியும் பாதி யூனிக்கோடுமாக வருவதும் உண்டு. பத்தி பத்தியாகச் சோதிப்பது பாதுகாப்பானது.

யூனிக்கோடிலும் பொறிகள் உண்டு. "கொ" என்பதை ஒகரக் குறி ஒன்றாலும் எழுதலாம், எகரக் குறியையும் துணைக்காலையும் அடுத்தடுத்து இட்டும் எழுதலாம். கண்ணுக்கு ஒன்று, கணினிக்கு இரண்டு. என்எஃப்சி எனப்படும் இயல்பாக்கம் இதைச் சரிசெய்துவிடும். "ஔ" வுக்குப் பதிலாக "ஒ" வும் "ள" வும் தட்டச்சு செய்தவர்களை அது காப்பாற்றாது, அதற்குத் தனி விதி எழுத வேண்டும். வாக்கியங்களை முற்றுப்புள்ளியால் பிரிக்கும்போது "0.05", "கி.பி.", பெயர்களின் முதலெழுத்துகள் ஆகியவற்றை முதலில் மறைத்துக்கொள்ளுங்கள்.

நீள வரம்பையும் இங்கேயே கவனிக்க வேண்டும். 250 சொற்கள் என்ற ஆங்கில வரம்பைத் தமிழுக்கு அப்படியே போடுவது நியாயமன்று. "மேற்கொள்ளப்பட்டிருந்தமையினால்" என்பது நமக்கு ஒரு சொல். அதையே இடைவெளி விட்டு மூன்றாக எழுதுபவருக்கு மூன்று சொற்கள். எழுத்துகளை எண்ணுவதே சீரானது, அதையும் யூனிக்கோட் குறிகளாக அல்லாமல் தமிழ் எழுத்துகளாக எண்ண வேண்டும். பைத்தன் நிரல்மொழியில் ஓப்பன்-தமிழ் நிரலகம் இதைச் செய்து தருகிறது. வாசிப்பு எளிமைக்கான பிளெஷ் சூத்திரம் 1948 இல் ஆங்கில அசைகளையும் வாக்கிய நீளத்தையும் வைத்து உருவானது என்பதால், அதைத் தமிழ்ச் சுருக்கத்தில் ஓட்டி வரும் எண்ணுக்குப் பொருள் எதுவும் இல்லை.

விதிகளால் பிடிக்கக்கூடியவற்றை விதிகளால் பிடியுங்கள்

தமிழ் வாக்கியத்தில் வினை கடைசியில் வருவது நமக்கு ஒரு வசதி. ஒரு வாக்கியம் சுருக்கத்தில் என்ன வேலை செய்கிறது என்பதை அதன் கடைசிச் சொற்களே பெரும்பாலும் காட்டிக்கொடுத்துவிடும். "நோக்கமாகும்" என்று முடிந்தால் நோக்கம். "திரட்டப்பட்டன", "பகுப்பாய்வு செய்யப்பட்டன" என்று முடிந்தால் முறை. "கண்டறியப்பட்டது", "வெளிப்படுத்துகின்றன" என்றால் முடிவு. "பரிந்துரைக்கப்படுகின்றது" என்றால் பரிந்துரை. விகுதிகள் பலவாறு மாறுவதால் முழுச்சொல்லைத் தேடாமல் "கண்டறிய", "திரட்ட" என்ற அடிகளைத் தேடுங்கள். "-ப்படும்" என்ற எதிர்காலத்தில் முடியும் வாக்கியங்களைத் தனியே எண்ணினால், ஆய்வு முடியும் முன்னரே அனுப்பப்பட்ட சுருக்கங்கள் தாமாகவே வெளிப்படும். இலக்கணப் பகுப்பாய்வுக் கருவிகளை இங்கே நம்பியிருக்கத் தேவையில்லை. அவற்றுள் ஒன்றான ஸ்டான்சாவின் தமிழ் மாதிரி (இங்கே மாதிரி என்பது தரவிலிருந்து கற்ற நிரல், ஆய்வின் மாதிரி அன்று) பயின்ற வாக்கியத் தொகுப்பு 600 வாக்கியங்களே கொண்டது.

அடுத்தது எண்கள். மருத்துவ இதழ்கள் ஆறில் வெளியான சுருக்கங்களைக் கட்டுரையின் உடலோடு ஒப்பிட்டு 1999 இல் ஜாமா இதழில் வெளிவந்த ஓர் ஆய்வு, கட்டுரையோடு முரண்படும் அல்லது கட்டுரையிலேயே இல்லாத தரவைக் கொண்ட சுருக்கங்கள் இதழுக்கு இதழ் 18 முதல் 68 வீதம் வரை இருந்ததாகக் காட்டியது. பெரிய இதழ்களின் நிலை அதுவென்றால் மாணவரைக் குறைசொல்ல ஒன்றுமில்லை. முழுக் கட்டுரை கையில் இருந்தால் சுருக்கத்தின் ஒவ்வோர் எண்ணையும் கட்டுரையில் தேடும் சிறு நிரல் போதும். கட்டுரை இல்லாவிட்டாலும், இங்குள்ள ஆய்வரங்குகள் பலவற்றில் போலத் தமிழ்ச் சுருக்கத்தோடு ஆங்கிலச் சுருக்கமும் கேட்கப்பட்டிருந்தால், இரண்டின் எண்களையும் ஒப்பிடலாம். நான் எழுதிய சோதனைகளில் மிகக் குறைந்த வரிகளில் மிக அதிகம் பிடித்தது இதுதான். "வீதம்", "சதவீதம்", "நூற்றுக்கு", "மூவரில் ஒருவர்" ஆகிய அனைத்தையும் ஒரே வடிவத்துக்கு மாற்றிக்கொண்ட பின் ஒப்பிடுங்கள்.

வீதமும் ஆட்தொகையும் ஒன்றோடொன்று பொருந்துகின்றனவா என்பதையும் பார்க்கலாம். 120 பேரிடம் வினாக்கொத்து வழங்கி 37.4 வீதத்தினர் ஆம் என்றார்கள் என ஒரு சுருக்கம் சொல்கிறது எனக் கொள்வோம். 44 பேர் என்றால் 36.7 வீதம், 45 பேர் என்றால் 37.5 வீதம், 120 பேரில் 37.4 வீதம் என்று ஒன்று வரவே முடியாது. சராசரிகளுக்கு இதே தர்க்கத்தைப் பயன்படுத்தும் சோதனை கிரிம் என்ற பெயரில் அறியப்படுகிறது. ஆனால் இங்கே அவசரப்பட்டு மாணவரைக் குற்றவாளியாக்கக் கூடாது: அந்தக் கேள்விக்கு ஐவர் விடையளிக்காமல் விட்டிருந்தால் 115 பேரில் 43 பேர் என்பது சரியாக 37.4 வீதம் ஆகிறது. ஆகவே நிரல் "பிழை" என்று எழுதாமல், "இவ்வீதம் எத்தனை பேருக்குரியது?" என்று கேட்டு நிறுத்த வேண்டும்.

மிகைச் சொற்களுக்கும் ஒரு பட்டியல் வைத்துக்கொள்ளுங்கள். மருத்துவ ஆய்வுகளின் தரவுத்தளமான பப்மெட்டின் சுருக்கங்களில் நேர்மறைச் சொற்கள் வரும் அளவு 1974–1980 காலத்தில் 2 வீதமாக இருந்து 2014 இல் 17.5 வீதமாக உயர்ந்ததாக 2015 இல் பிஎம்ஜே இதழ் வெளியிட்ட ஆய்வொன்று கணக்கிட்டது. தமிழில் "முதன்முறையாக", "முற்றுமுழுதாக", "தனித்துவமான" என்பன அந்த இடத்தில் நிற்பவை. இவற்றைவிட ஆபத்தானது "காரணமாகும்" என்ற சொல்: ஒரே தடவை எடுத்த வினாக்கொத்து இரண்டு விடயங்களுக்கிடையே தொடர்பு இருப்பதைக் காட்டலாம், ஒன்று மற்றதற்குக் காரணம் என்பதை அதனால் காட்ட முடியாது. முறை வாக்கியத்தில் வினாக்கொத்தும் முடிவு வாக்கியத்தில் "காரணமாகும்" என்பதும் சேர்ந்து வந்தால் ஒரு குறி இடச் செய்யுங்கள்.

பயிற்றிய மாதிரிகளும் பெரு மொழி மாதிரிகளும்

ஆங்கிலச் சுருக்கங்களுக்கு வாக்கியங்களை வகைப்படுத்தும் பயிற்சித் தரவு தாராளமாகக் கிடைக்கிறது. 2017 இல் வெளியான பப்மெட் 200கே தொகுப்பில் ஏறத்தாழ 2 இலட்சம் சுருக்கங்களின் 23 இலட்சம் வாக்கியங்கள் பின்னணி, நோக்கம், முறை, முடிவு, முடிவுரை எனக் குறியிடப்பட்டுள்ளன. ஆனால் அது முழுவதும் மருத்துவச் சோதனைகள் பற்றியது. தம்பலகாமத்து நெற்செய்கையாளர் பற்றிய சுருக்கத்தில் அது தடுமாறினால் வியப்பில்லை. தமிழுக்கு எக்ஸ்எல்எம்-ஆர் போன்று 100 மொழிகளில், தமிழ் உட்பட, பயின்ற மாதிரியை எடுத்து, நீங்கள் கையால் குறியிட்ட வாக்கியங்களைக் கொண்டு மேலும் பயிற்றலாம். ஐம்பது சுருக்கங்கள் அதற்குப் போதா. சில நூறு சேரும் வரை மேற்சொன்ன விதிகளே போதும். சோதனைக்கு ஒதுக்கும் பகுதியை எழுமாறாகப் பிரிக்காமல் ஒரு முழு ஆண்டின் சுருக்கங்களாக ஒதுக்குங்கள். ஒரே மேற்பார்வையாளரின் மாணவர்கள் ஒரே அச்சில் வார்த்ததுபோல எழுதுவார்கள். அவர்களுள் ஒருவர் பயிற்சியிலும் மற்றவர் சோதனையிலும் இருந்தால் பெறுபேறு பொய்யாக உயரும்.

சாட்ஜிபிடி போன்ற பெரு மொழி மாதிரியைப் பயன்படுத்துவதாயின், "இதன் தரம் என்ன?" என்று கேட்காதீர்கள், எல்லாவற்றுக்கும் பத்தில் எட்டு என்று அன்பாகச் சொல்லிவிடும். ஒரு நேரத்தில் ஒரு கேள்வியை மட்டும் கொடுத்து, விடையோடு அதற்கு ஆதாரமான வாக்கியத்தைச் சுருக்கத்திலிருந்து எழுத்து மாறாமல் எடுத்துத் தரச் சொல்லுங்கள். பிறகு அந்த வாக்கியம் உண்மையிலேயே சுருக்கத்தில் உள்ளதா என்பதைச் சாதாரண நிரலால் தேடிப் பாருங்கள். இல்லையெனில் அந்த ஆம் செல்லாது. ஒரே சுருக்கத்தை இரண்டு தடவை கொடுத்து விடை மாறுகிறதா என்றும் பார்க்க வேண்டும். ஒவ்வொரு தமிழ்க் குறியும் யூனிக்கோடைச் சேமிக்கும் யூடிஎஃப்-8 முறையில் மூன்று பைட் எடுப்பதால் தமிழ் உரை ஆங்கிலத்தைவிடக் கூடுதலான துண்டுகளாக உடைபட்டு, துண்டுக்கணக்கில் அறவிடப்படும் கட்டணமும் அதற்கேற்ப ஏறும்.

இரண்டு எச்சரிக்கைகள் உண்டு. வெளியிடப்படாத சுருக்கத்தை வெளிநாட்டுச் சேவைக்கு அனுப்புவது எழுதியவரின் சம்மதமின்றிச் செய்யக்கூடிய காரியமன்று. அமெரிக்கத் தேசிய சுகாதார நிறுவகம் 2023 இல் ஆராய்ச்சி நிதி விண்ணப்பங்களை மதிப்பிடும் தன் மதிப்பீட்டாளர்கள் இத்தகைய கருவிகளைப் பயன்படுத்துவதையே தடைசெய்தது. சம்மதத்தை விண்ணப்பப் படிவத்திலேயே கேட்டுவிடுங்கள். மற்றையது, 2025 யூலையில் ஜப்பானிய நாளிதழான நிக்கேய் வெளிக்கொணர்ந்த விடயம்: மதிப்பிடும் மாதிரி நல்லதையே சொல்ல வேண்டும் என்ற கட்டளை, மதிப்பீட்டுக்கு முந்திய கட்டுரைகளை வெளியிடும் ஆர்க்கைவ் தளத்திலிருந்த 17 கட்டுரைகளில் வெள்ளை எழுத்திலும் கண்ணுக்கெட்டாத சிறிய எழுத்திலும் ஒளித்து வைக்கப்பட்டிருந்தது. பிடிஎஃப் கோப்பை அப்படியே கொடுக்காமல் எழுத்தை மட்டும் பிரித்தெடுத்து, அதைக் கண்ணால் ஒரு தடவை பார்த்த பின் கொடுப்பதே பாதுகாப்பு.

உடைத்துப் பாருங்கள்

கருவி தயாரானதும் அதை ஏமாற்ற முயலுங்கள். உங்களிடமுள்ள மிகச் சிறந்த சுருக்கத்தை எடுத்து, முடிவு வாக்கியத்தை நீக்கிவிட்டு ஓட்டினால் எட்டாவது கேள்வியின் விடை இல்லை என்று மாற வேண்டும். எண்களை மாற்றினால் எண் சோதனை குரல் கொடுக்க வேண்டும். பின்னணி வாக்கியங்களை இரண்டு தடவை ஒட்டினால் எதுவுமே உயரக் கூடாது. என் முதலாவது நிரல் தோற்றது இந்தக் கடைசிச் சோதனையில்தான்; நீளம் கூடக் கூடப் புள்ளியும் கூடியது. 1966 இல் எல்லிஸ் பேஜ் கட்டுரைகளைக் கணினியால் திருத்தத் தொடங்கிய காலந்தொட்டு இத்துறையை விடாமல் துரத்தும் பிழை அது என்பதைப் பின்னர்தான் படித்தேன். புள்ளி ஏதேனும் கொடுப்பதாயின், அதற்கும் சுருக்கத்தின் நீளத்துக்கும் உள்ள, இரண்டும் எந்த அளவுக்குச் சேர்ந்தே ஏறி இறங்குகின்றன என்பதைக் காட்டும், இணைபுக் குணகத்தைக் கணித்துப் பாருங்கள்; அது உயர்வாக இருந்தால் நீங்கள் செய்து வைத்திருப்பது விலையுயர்ந்த அளவுநாடா.

எங்கள் குழுவில் இப்போது நிரல் தருவது புள்ளியன்று, எழுதியவருக்குத் திருப்பி அனுப்பும் குறிப்பு. "மாதிரியின் அளவு குறிப்பிடப்படவில்லை", "தமிழில் 62 வீதம், ஆங்கிலத்தில் 26 வீதம், எது சரி?" என்பது போல, ஒவ்வொரு வரியும் எழுதியவர் உடனே திருத்தக்கூடியதாக இருக்கும். குறிப்பு வெளியே போகும் முன் குழுவில் ஒருவர் வாசித்து ஒப்பமிடுவார். இதற்காக இறுதி நாளை ஒரு வாரம் முன்தள்ளி, திருத்திய சுருக்கத்தை மீண்டும் அனுப்ப ஐந்து நாள் அவகாசம் கொடுக்கிறோம். ஒவ்வோர் ஆண்டும் நிரலை ஓட்டுவதற்கு முன் புதிய சுருக்கங்களில் இருபதை இருவர் கையால் குறியிட்டு வைக்கிறோம். ஏதேனும் ஒரு கேள்வியில் கணினிக்கும் மனிதருக்கும் இடையிலான கப்பா, அந்த இரண்டு மனிதருக்கும் இடையிலான கப்பாவைவிடத் தெளிவாகக் குறைந்திருந்தால், அந்தக் கேள்வியை அவ்வாண்டு நிரலிலிருந்து எடுத்துவிட்டுக் கையாலேயே பார்த்துவிடுகிறோம்.